பார்சலில் வந்த ஸஹானா

ராஜகீழ்ப்பாக்கம்
வியாழக்கிழமை

அன்புள்ள மகள் தீபாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் மகள் ஸஹானாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை பிரிட்டோவும் அந்தக் கால்கரிக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று அம்மா தினம் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறாள், நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். உடம்பளவில் என்று எழுதியிருக்கிறேன், கவனி. மனசைப் பற்றி எழுதத்தான் இந்தக் காகிதம். போனில் பேசலாமே என்பாய். போனை எடுத்தாலே ஸஹானா வந்து தோளில் சாய்ந்துகொள்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுதினால், அம்மாவுக்குக் கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்து தெரியவில்லை என்று ஸஹானாதான் எல்லாவற்றையும் உரக்கப் படித்துக் காட்டுகிறாள், ஆகவே அதுவும் முடியாது. அவளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதி ஒட்டிச் சேலையூர் தபாலாபீஸில் கொடுத்துவிட்டுத்தான் எனக்குச் சாப்பாடு. வார்த்தைக்கு அலங்காரம் பண்ணிக்கொண்டிருக்க மாட்டேன், கோபம் கோபமாகவேதான் வரும்.

கிறிஸ்மஸ் பார்சலை ஸஹானா பிரிக்கும் வீடியோ எங்கே, வீடியோ எங்கே என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாய். நெட் சரியில்லை, போனில் இடமில்லை என்று அம்மா ஏதேதோ சொல்லிச் சமாளித்தாள். நெட் நன்றாகத்தான் இருக்கிறது. வீடியோவும் இருக்கிறது. நான்தான் அனுப்பவிடவில்லை. அதைப் பார்த்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது தீபா. பெற்ற பெண்ணிடம் சொல்கிற வார்த்தையா இது என்று அம்மா திட்டுவாள், திட்டட்டும். நீ அதைச் சிநேகிதிகளுக்கெல்லாம் காட்டுவாய், பாருங்கள் என் பெண்ணுக்குப் பொம்மை இல்லை புத்தகம்தான் என்று கீழே எழுதுவாய், அவர்கள் இதயம் இதயமாகப் போடுவார்கள். அந்தக் கண்றாவிக்கு நான் துணை போக மாட்டேன். அந்தப் பார்சல் வந்ததிலிருந்து உன் மகள் உன்னை விட்டுத் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறாள். அழுது அடம் பிடித்துப் போனால்கூடத் தேவலை, ரொம்ப மரியாதையாகப் போய்க்கொண்டிருக்கிறாள். நீ அவளுடைய அம்மாதான் என்கிற நினைப்பு அவளிடம் மிச்சம் இருக்கும்போதே உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலிலிருந்து வருகிறேன். டிசம்பர் ஆரம்பத்தில் நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய். குழந்தைக்கு ஒரு பிளாஸ்டிக் சாமானும் வாங்கக் கூடாது, சின்ன வயசில் புத்தகம் கொடுத்தால்தான் மூளை வளரும், இங்கே படித்த அப்பா அம்மாவெல்லாம் கிறிஸ்மஸுக்குப் புத்தகம்தான் கொடுக்கிறார்கள், இந்த வருஷம் நானே அனுப்புகிறேன், நீங்கள் இஷ்டத்துக்கு எதையாவது வாங்கிக் கொடுத்துக் கெடுக்காதீர்கள் என்று. கெடுக்காதீர்களாம்! யாரிடம் சொல்கிறாய்? தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் ஒரு கடையில் சிவப்பு சைக்கிள் பார்த்துச் சொல்லி வைத்திருந்தேன், வாயை மூடிக்கொண்டு போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையைச் சொன்னால் புத்தகம் என்றதும் எனக்குச் சந்தோஷம்தான். உன் மகளுக்குப் படிக்கிற வெறி. மேடவாக்கம் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரவைத்தால் ஒரு கடைப் பலகையை விட மாட்டாள், தண்ணீர் லாரிக்குப் பின்னால் எழுதியிருப்பதையும் படிப்பாள், என் மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைப் பிரித்து, தாத்தா இதைச் சாப்பிட்டால் தலை சுத்துமாம் என்று எச்சரிக்கை வேறு. பள்ளிக்கூட லைப்ரரியில் இரண்டாம் வகுப்புக்கு என்று ஒதுக்கிய அலமாரியை முடித்துவிட்டாள், பெரிய வகுப்பு அலமாரியைத் தொட விட மாட்டேன் என்கிறார்கள் என்று தினம் ஒரு புகார். படமே இல்லாத தடிப் புத்தகம் ஒன்று வேண்டும் என்று உன்னிடமே போனில் கேட்டாள். நீ அப்போது, செல்லக்குட்டி மம்மு சாப்ட்டாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். வாரா வாரம் அதைத்தான் கேட்கிறாய். அந்தப் பெண்ணும் முகம் சுளிக்காமல், சாப்ட்டேம்மா என்று பதில் சொல்கிறது.

கனடாவிலிருந்து அம்மா புக்ஸ் அனுப்புறாங்க என்று காலனியில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லிவிட்டு வந்தாள். டிவிக்குக் கீழே இருக்கும் தட்டிலிருந்து மின்வாரியத்தில் எனக்குக் கொடுத்த கேடயம், அம்மாவின் பீங்கான் மயில் எல்லாவற்றையும் வெளியேற்றித் துடைத்து, இது அம்மா புக்ஸ் வைக்கிற இடம், யாரும் எதுவும் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டாள். நம் வீட்டுக்கும் கிறிஸ்மஸுக்கும் என்ன சம்பந்தம் என்று உன் கல்யாணத்துக்கு முன்னால் குதித்தவன் நான்தான், இப்போது ஏணி போட்டு பால்கனியில் நட்சத்திரம் கட்டுகிறவனும் நான்தான், குழந்தைக்கு அப்பா வழிப் பண்டிகை விட்டுப்போகக் கூடாது என்று. பார்சல் முன்னாடியே வந்துவிட்டது. பண்டிகை அன்றைக்குத்தான் பிரிக்க வேண்டும் என்று நீ சொல்லியிருந்ததால் தினமும் தூக்கிப் பார்ப்பாள், கனமா இருக்கு தாத்தா, தடி புக்குதான் என்பாள், திரும்ப வைத்துவிடுவாள்.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் நீ ஸ்டேட்டஸில் ஒரு போட்டோ போட்டாய். ஏதோ பனிமலைக்குப் போய் எடுத்தது. லீவு இல்லை, டிக்கெட் கிடைக்கவில்லை என்று இங்கே வருவதை வருஷா வருஷம் தள்ளிப் போடுகிறவர்களுக்கு மலை ஏற லீவு கிடைத்திருக்கிறது, ரொம்ப நல்லது. யாரோ சிநேகிதியின் குழந்தை போலிருக்கிறது, கம்பளித் தொப்பிக்குள் முகமே தெரியவில்லை, அதை மடியில் வைத்துக் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். கீழே 'மை லிட்டில் கிறிஸ்மஸ் பேபி' என்று எழுத்து. அம்மா போனை நீட்டி, உங்கம்மா என்னடி எழுதியிருக்கா, படி என்றாள். ஸஹானா படித்தாள். படித்துவிட்டு அந்தப் படத்தை விரலால் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை, அடுப்பில் வேலை இருந்தது.

மறுநாள் காலையில் மாப்பிள்ளையின் தம்பி காலேப் அனகாபுத்தூரிலிருந்து வந்து இவளைச் சர்ச்சுக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டான். அவர்கள் சந்தில் மழைத் தண்ணீர் இன்னும் வடியவில்லையாம், பேண்டை முட்டி வரை மடித்துக்கொண்டு கையில் கேக் டப்பாவோடு வந்தான் பாவம். வீடியோ எடுத்தது அவன்தான். பெட்டியைப் பிரித்தாள். மூன்று புத்தகம். தடிதான், ஆனால் அட்டைத் தடி. பல் முளைக்கிற குழந்தை கடித்தாலும் கிழியாத அட்டை, மூலையெல்லாம் உருட்டிவிட்டது, பக்கத்துக்கு ஒரு வரி, தடவிப் பார்க்க ஆட்டு ரோமம், அமுக்கினால் கீச்சென்று கத்துகிற வாத்து. பெயரும் போட்டோவும் கொடுத்தால் அதை வைத்துப் புத்தகம் அடித்துத் தருகிற கம்பெனி போலிருக்கிறது, எல்லாவற்றிலும் ஸஹானா என்று அச்சடித்திருக்கிறது. ஸஹானா பாட்டிலில் பால் குடிக்கிறாள். ஸஹானா தொட்டிலில் தூங்குகிறாள். மூன்றாவதை எழுதவே கூசுகிறது, ஸஹானா ஜட்டி இல்லாமல் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்கார்ந்து கக்கா போகிறாள், கடைசிப் பக்கத்தில் எல்லோரும் கைதட்டுகிறார்கள். பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பெண்ணுக்கு அவளைப் பெற்றவள் தேடித் தேடி அனுப்பிய புத்தகம்! தூ என்று துப்பலாம் போல இருந்தது, நாளும் கிழமையுமாக வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

அதில் இருக்கும் முகம் எங்கிருந்து வந்தது என்று எனக்கும் அம்மாவுக்கும் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் விமானம் ஏறிய அன்றைக்கு ஏர்போர்ட்டில் எடுத்த போட்டோ. நெற்றியை மறைக்கிற முடி, உப்பின கன்னம், மஞ்சள் கவுன். அவளுக்கு மூன்று வயசு அப்போது. உன் போனில் உன் மகள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறாள், நீயும் அவளையே எடுத்துக் கொடுத்திருக்கிறாய். இங்கே இருக்கிறவளுக்கு முன்பல் விழுந்து முளைத்தாகிவிட்டது, இரட்டைப் பின்னல், ஒல்லியாக வளர்ந்து என் விலாவுக்கு வந்துவிட்டாள். அந்தக் கிண்ணத்துப் பழக்கம் நீ விட்டுப்போனபோது சரியாக வரவில்லைதான், ஒத்துக்கொள்கிறேன். அதை அம்மா பழக்கி முடித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, உனக்குத்தான் தகவல் வந்து சேரவில்லை.

காலேப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இன்னா மாமா இது, பால்பாட்டில் பாப்பா புக்கு மாதிரி கீது, அண்ணி தூங்கிகினே ஆர்டர் போட்டாங்களா என்று சிரித்தான். அம்மா அவன் காலை ஒரு மிதி மிதித்தாள், அவன் வீடியோவை நிறுத்திவிட்டான். ஸஹானா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. மூன்றையும் ஒரு எழுத்து விடாமல் படித்தாள், கேக் வெட்டுவதற்குள் முடிந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்தாள், பெயர் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். நல்லா இருக்கு என்றாள். பெட்டிக்குள்ளேயே திரும்ப அடுக்கி மூடிவிட்டாள். அன்றைக்குப் போனில் நீ, புக்ஸ் புடிச்சுதா செல்லம், உன் பேர் போட்டிருக்கே பார்த்தியா என்று கூவினாய். பார்த்தேம்மா, தேங்க்யூ, பாப்பா அழகா இருக்கு என்றாள். நீ அதற்கும் சிரித்தாய். உனக்கு அந்த நேரத்தில்கூட உறைக்கவில்லையே என்று எனக்கு வந்த வெறுப்பு இருக்கிறதே, போனைப் பிடுங்கிப் பேசியிருப்பேன், குழந்தை நடுவில் இருந்தாள்.

சின்னப் பாப்பா புத்தகம் வந்துவிட்டதே என்று காலனிப் பிள்ளைகளுக்கு முன்னால் வெட்கமாக இருக்கும் போல என்றுதான் நாங்கள் நினைத்தோம். நான் தாம்பரத்துக்குக் கூட்டிப்போய் அவளே பார்த்து எடுத்த தடிப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். ஆசையாகத்தான் படிக்கிறாள், ஆனால் அதைத் துடைத்து வைத்த தட்டில் வைக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறாள், அது அம்மா புக்ஸுக்காம், தட்டு காலியாகவே கிடக்கிறது. சைக்கிள் வாங்கட்டுமா என்றதற்கும் வேண்டாம் தாத்தா, அம்மா திட்டுவாங்க என்றுவிட்டாள். நீ கூப்பிட்டால் வருகிறாள், கேட்டதற்கு இரண்டு வார்த்தை சொல்கிறாள், அம்மா பிஸியா இருப்பாங்க, வெச்சுடலாம் பாட்டி என்று தானே வைத்துவிடுகிறாள். குழந்தைக்கு எவ்வளவு மெச்சூரிட்டி வந்துவிட்டது என்று நீ அம்மாவிடம் பெருமைப்பட்டாயாம். மெச்சூரிட்டியாம், மண்ணாங்கட்டி.

பள்ளிக்கூடம் திறந்ததும் அரையாண்டு விடைத்தாள் காட்டக் கூப்பிட்டிருந்தார்கள், நான் போயிருந்தேன். அவளுடைய கிளாஸ் டீச்சர் கீதா மிஸ் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, கங்கிராட்ஸ் சார், உங்க டாட்டருக்கு செகண்ட் பேபியாமே, சொல்லவே இல்லையே, ஹாலிடேஸ்ல என்ன பண்ணீங்கன்னு கேட்டேன், ஸஹானா எழுந்து நின்னு சொன்னா, ஸ்வீட் எங்க சார் என்றார்கள். மற்ற பெற்றோர் வேறு சுற்றி நின்று சிரிக்கிறார்கள். தலையை ஆட்டிவிட்டு விடைத்தாளை வாங்கிக்கொண்டு வந்தேன். எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். காலனிக்குள் நுழைந்தால் எதிர்வீட்டு நாகலக்ஷ்மிக்கும் சேதி தெரிந்திருக்கிறது, நல்ல விஷயத்தைப் போய் மறைச்சு வெச்சிருக்கீங்களே சார், கண்ணு பட்டுடும்னா என்று ஒரு இளிப்பு. சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்காரவைத்து, யாரம்மா சொன்னது அப்படி என்று கேட்டேன். யாரும் சொல்லலை தாத்தா, நானே கண்டுபிடிச்சேன் என்றாள். அம்மா மடியில் பாப்பா இருந்ததாம், என் கிறிஸ்மஸ் பேபி என்று அம்மாவே எழுதியிருந்தாளாம். மறுநாள் பெட்டியைப் பிரித்தால் உள்ளே பால்பாட்டில் பாப்பா புத்தகமாம். அட்ரஸ் மாறி இங்கே வந்துவிட்டதாம், அம்மா வெட்கப்படுவாள் என்று சொல்லவில்லையாம். அப்புறம் கொஞ்சம் யோசித்து, அந்தப் பாப்பாவுக்கும் என் பேரேதான் வெச்சிருக்காங்க தாத்தா, புக்குல போட்டிருக்கு என்றாள். அது நீதான்டி கண்ணு, உன்னுடைய சின்ன வயசு முகம் என்று ஏர்போர்ட் போட்டோவை எடுத்துக் காட்டினேன். உற்று உற்றுப் பார்த்தாள். என் தங்கச்சின்னா என்னை மாதிரிதானே இருக்கும் என்றாள். உன் மடியில், அந்தப் பனிமலைப் போட்டோவில் இருப்பது யார் வீட்டுக் குழந்தையோ என்று அம்மா சத்தியம் பண்ணினாள். நாங்கள் அவளைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறோமாம், எங்கள் இரண்டு பேரையும் பார்த்துப் பாவம் என்பது போல ஒரு பார்வை. நேற்று அந்தப் பெட்டியைச் செலோடேப் போட்டுச் சுற்றி ஒட்டி மேலே ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கிறாள், 'ஸஹானா பாப்பாவுக்கு, ஸஹானா அக்கா' என்று. கூரியரில் போடச் சொல்லி என் மேஜை மேல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

இதற்கு மேல் என்ன வேண்டும் உனக்கு? புத்தகம் கொடுப்பது நல்ல பழக்கம்தான், நான் அதற்கு விரோதி இல்லை. யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டாமா? வாரா வாரம் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாய், ஒரு தடவை, நீ என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தால் இந்தக் கேவலம் வந்திருக்காதே. நீங்கள் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பதும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை என்பதும் எனக்குத் தெரியாதது இல்லை. பணத்துக்காகப் போனவளில்லை நீ, குழந்தை நல்லபடியாக இருக்கட்டும் என்றுதான் போனாய், அதுவும் தெரியும். அதையெல்லாம் தெரிந்துகொண்டும் எனக்கு உன் மேல் அருவருப்பாக இருக்கிறது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாப்பிள்ளையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவர் பெயரும்தான் அந்தப் பார்சலில் இருந்தது.

போன் பண்ணிச் சமாதானம் சொல்லாதே. போனில் வருகிற எதையும் அவள் இப்போது நம்புவதாக இல்லை. டிக்கெட்டைப் போடு, இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள், மடி காலியாக வந்து நில்லுங்கள், வேறு பாப்பா எதுவும் இல்லை என்று அவளே வீடு பூராவும் பார்த்துக்கொள்ளட்டும். பெரிய பரிசு எதுவும் தூக்கி வர வேண்டாம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை, கேம்ப் ரோட்டில் குழாய் பதிக்கிறேன் என்று மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஏர்போர்ட்டிலிருந்து வரும்போது டிரைவரிடம் வேளச்சேரிப் பக்கமாக வரச் சொல். எவ்வளவு திட்டினாலும் நீ நான் தூக்கி வளர்த்த பெண், நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடியில்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், தெய்வம் துணை நிற்கட்டும், உன் தெய்வமும் அவர் தெய்வமும். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

இந்தக் கடிதம் நான் எழுதப்போவது ஸஹானாவுக்குத் தெரியாது. ஆனால் இன்று காலை வேனில் ஏறுவதற்கு முன்னால், அம்மாகிட்டப் பேசினா ஒண்ணு கேளுங்க தாத்தா என்றாள். நான் அங்கே போனால் இரண்டு பேருக்கும் ஒரே பேராக இருக்குமே, கூப்பிட்டால் குழப்பம் வருமே, அப்போது என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க என்று கேட்கச் சொன்னாள். வேற பேர் வெச்சாலும் பரவாயில்லைன்னு சொல்லுங்க என்றாள்.

கேட்டுவிட்டேன்.

உன் அப்பா
சத்யநாராயணன்